புளியமரத்தடியில் புல் ஏன் முளைப்பதில்லை? கடையநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் வரை ஒரு வயல்வழிப் பயணம்

சென்னை எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடியும்போது மேற்கே மலை கூடவே வந்துகொண்டிருக்கும். கடையநல்லூரில் இறங்கும்போது அது இன்னும் நெருங்கியிருக்கும். ஆனி மாதம் என்றால் மலை முழுசாகத் தெரியாது. பாதிக்கு மேல் மேகம் உட்கார்ந்திருக்கும். காற்றில் சாரலின் ஈரம் இருக்கும். குற்றாலத்துக்குப் போகிற கூட்டம் தென்காசி வரட்டும் என்று பெட்டியிலேயே இருக்கும். கடையநல்லூரில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான். சுற்றிப் பார்க்க என்று இங்கே வருகிறவர்கள் குறைவு.

நான் வந்தது வயல் பார்க்க. களையைச் செடியை வைத்தே அடக்குகிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மருந்துக்கடை டப்பா இல்லாமல், இலையையும் வேரையும் புண்ணாக்கையும் வைத்துக் களையைக் குறைப்பது, அதே செலவில் மண்ணுக்கும் சத்து ஏற்றுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வயலில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை கடையநல்லூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் கருப்பாநதி அணை. முழுக் கொள்ளளவு 72 அடி. தாமிரபரணி, மணிமுத்தாறு என்று பெரிய பெயர்களுக்கு நடுவே இது சின்ன அணைதான். ஆனால் இந்த வட்டாரத்துக் குளங்கள் நிறைவதும் காய்வதும் இதன் கையில் இருக்கிறது. தண்ணீர் வந்தால் கார் சாகுபடி, ஆனியிலிருந்து புரட்டாசி வரை. அடுத்து வடகிழக்குப் பருவமழையில் பிசானம். இரண்டுக்கும் நடுவே, மாசி பங்குனியில் பிசான அறுப்பு முடிந்து கார் நடவு வரைக்கும், நிலம் சும்மா கிடக்கிற மூன்று மாதம் இருக்கிறதே, அந்த மூன்று மாதம்தான் நம் விஷயம்.

மஞ்சள் பூவை உழுதுவிட்டார்

ஊரைத் தாண்டி மேற்கே போகும் சாலையில் இருபுறமும் தென்னையும் நெல்வயலும். ஒரு வயலில் மட்டும் இடுப்புயரத்துக்குச் சணப்பு நின்றது. மஞ்சள் பூ அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. டிராக்டர் அதன் நடுவே இறங்கி, பூவும் தண்டுமாகச் சேற்றுக்குள் அமுக்கிக்கொண்டிருந்தது. போன் எடுத்துப் படம் பிடிக்கப் போனேன். வரப்பில் நின்ற வயல்காரர் சிரித்தார்.

“பூ முத்தினா நார் ஏறிரும் தம்பி. அப்புறம் மக்காது. மொத்தமா பூக்கதுக்கு முன்ன மடக்கி உழுதிரணும்.”

விதைத்து நாற்பத்தைந்து நாள் ஆகியிருந்ததாம். சணப்பு, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி மூன்றும் பயறு வகைச் செடிகள். இவற்றின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடியை உழுதால் அது மண்ணுக்கு வருகிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததுதான். அவர் சொன்ன அடுத்த விஷயம் புத்தகத்தில் இல்லை.

“சணப்பு போட்ட வயல்ல முதல் இருபது நாளைக்குக் களை அமந்துதான் கெடக்கும். பக்கத்து வயல்ல பாருங்க, குதிரைவாலிப்புல்லு நாத்தோட சேந்து நிக்கும்.”

இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. நெருக்கமாக வளர்ந்த சணப்பு நாற்பது நாளாக வெயிலை மறைத்திருக்கிறது. நிழலில் களைவிதை கண் திறக்காது. திறந்தாலும் நோஞ்சானாக நிற்கும். உழுத பிறகு அழுகும் இலையிலிருந்தும் தண்டிலிருந்தும் கசியும் பொருட்கள் மண்ணில் கலக்கின்றன. சணப்பின் சாறு சின்ன விதைகளின் முளைப்பைத் தடுக்கிறது என்பதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவுக்கும் சணப்பு ஆகாது. தக்காளியும் கத்தரியும் போடுகிறவர்களுக்கு இந்தப் புழு எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரியும்.

அப்படியென்றால் உழுத மறுநாளே நாற்று நட்டால் களை முழுசாக ஒழியுமே என்று கேட்டேன்.

“நாத்தும் ஒழிஞ்சிரும்!” என்றார். “பத்து நாளாவது தண்ணிய நிறுத்தி அழுகவிடணும். அவசரப்பட்டா நாத்து மஞ்சக்கட்டி அப்படியே நிக்கும். வேரு பிடிக்காது.”

இந்தப் பயணத்தில் நான் கேட்ட பேச்சுகளிலேயே எடை கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். களையை அமுக்கும் பொருளுக்கு நெல் வேறு, புல் வேறு என்று தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருப்பது விவசாயியின் நாட்கணக்கு. எதற்குப் பின் எதைப் போடுவது, எத்தனை நாள் விடுவது, எவ்வளவு தண்ணீர் நிறுத்துவது என்ற கணக்கு. அந்தக் கணக்கு தப்பினால் மருந்தே விஷம்.

அவருடைய அப்பா காலத்தில் சணப்பு விதை வாங்கியதே இல்லையாம். மலையடிவாரத்துக்கு வண்டி கட்டிப் போய்த் தழை வெட்டி வந்து வயலில் போட்டு மிதிப்பார்கள். வேம்பு, புங்கன், ஆவாரை, எருக்கு என்று என்ன கிடைக்கிறதோ அது. பொதிபொதியாகத் தழை வந்து இறங்கும்போது வயல் முழுக்கக் கசப்பு வாசம் அடிக்கும் என்றார். இப்போது அந்த மலைச்சரிவெல்லாம் நெல்லை வனவிலங்கு சரணாலயம். தழை வெட்டப் போக முடியாது. காட்டைக் காக்க வேண்டியதுதான், அதில் இரண்டாம் பேச்சில்லை. யானையும் காட்டுப்பன்றியும் மட்டும் அடிக்கடி கீழே இறங்கி வந்து தென்னையையும் நெல்லையும் விசாரித்துவிட்டுப் போகின்றன.

தழை போன இடத்தில் சிலர் கொழுஞ்சிக்கு மாறினார்கள். கொழுஞ்சி விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்தோ வெந்நீரில் போட்டெடுத்தோ விதைக்க வேண்டும். ஒருமுறை வந்துவிட்டால் உதிர்ந்த விதையிலிருந்தே அடுத்தடுத்த வருஷமும் தானாக முளைக்கும். ஆடு மாடும் அதிகம் சீண்டாது. கோடையில் மேய்ச்சலுக்குத் திறந்துவிட்ட வயலில் இதைவிட வசதியான பசுந்தாள் எது? தக்கைப்பூண்டு தண்ணீர் தேங்கும் நிலத்துக்கும் உவர் நிலத்துக்கும் தோதானது. ஏக்கருக்கு இருபது கிலோ விதை என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் விதையும் தருகிறார்கள். கோடை மழை தப்பாமல் பெய்தால் விதை முளைக்கும். பெய்யாவிட்டால் மூட்டையிலேயே கிடக்கும்.

களை யாருக்குக் களை?

ஊருக்குத் திரும்பும் வழியில் கிணற்றுப் பாசன வெண்டைத் தோட்டம் ஒன்றில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் களைக்கொத்தி, தலையில் துண்டு. மூத்தவர் ஓர் ஆச்சி. எடுத்த களை மொத்தத்தையும் வரப்பில் எறியவில்லை. சாரணையும் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் தனியாக மடியில் சேர்ந்துகொண்டே இருந்தன. மிச்சம் வீட்டு ஆட்டுக்கு.

“இன்னைக்குச் சம்பளம் ஒரு பக்கம், கொழம்பு ஒரு பக்கம்” என்றார் ஆச்சி.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். செடியை வைத்தே களையை அடக்குகிறார்களாமே என்று. ஆச்சி கைவேலையை நிறுத்தாமலே கேட்டார்: “களையே இல்லன்னா எங்களை யாரு கூப்பிடுவா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த இளம்பெண் உதவிக்கு வந்தார். “மருந்தடிக்காம இருந்தாப் போதும் சார். மருந்தடிச்ச காட்டுல கீரையும் பறிக்க முடியல, வேலையும் இல்ல.”

தோட்டக்காரருடைய கஷ்டமும் பொய்யில்லை. நடவும் களையெடுப்பும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வருகிறது. அந்த வாரத்தில் ஆள் கிடைப்பதில்லை. ஒரு வாரம் தள்ளினால் களை பயிரைத் தாண்டிவிடும். அப்போது தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர்ப்பக்கம் அதிகம் புழங்கிய கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுக்காரர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற வரிசையில் சேர்த்திருந்தது. அறிவிப்பு வந்தாலும் களை அறிவிப்புக்காகக் காத்திருப்பதில்லையே.

பசுந்தாள் போடுகிற வயலில் களையெடுப்பு நின்றுவிடுவதில்லை, தள்ளிப்போகிறது. மூன்று தடவை எடுக்கிற இடத்தில் இரண்டு தடவை. ஆள் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும் முதல் வாரங்களைத் தாண்டிவிடலாம். ஆச்சியின் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். மீதிப் பாதி இன்னும் என்னிடம் இல்லை.

ஊர்ப்பெயரிலேயே புளி

கடையநல்லூரிலிருந்து வடக்கே சொக்கம்பட்டி, அடுத்து புளியங்குடி. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். மூட்டை மூட்டையாக எலுமிச்சை இறங்கி ஏறும் சந்தையில் அந்த வாசமே ஒரு சுகம். ஆனால் ஊர்ப்பெயரில் இருப்பது புளி. நெடுஞ்சாலை ஓரங்களில் முன்பு இருந்த அளவுக்குப் புளியமரங்கள் இப்போது இல்லை. சாலை அகலமாகும்போது முதலில் போவது அவைதான்.

மிச்சமிருக்கும் ஒரு பெரிய புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் கீழே பாருங்கள். தரை துடைத்துவிட்டதுபோல் இருக்கும். நாலு அடி தள்ளி வரப்பில் புல் மண்டிக் கிடக்கும். புளியமரத்தடியில் படுக்காதே, பேய் அடிக்கும் என்று பாட்டிமார்கள் சொன்னார்களே, பேய் நம்மை அடிக்கிறதோ என்னவோ, புல்லை அடிப்பது நிஜம்.

ஜப்பானில் சுகுபா நகரத்து வேளாண் ஆய்வாளர்கள் இந்தப் பேயைத் தேடிப் புளிய இலையைச் சோதித்தார்கள். இலையிலிருந்து கசியும் பொருட்கள் பல விதைகளின் முளைப்பையும் வேரையும் தடுப்பதைக் கண்டார்கள். அடர்நிழலும் மரத்தடி மண் இறுகிக் கிடப்பதும் இதற்குக் கூட்டு. ஒரு செடி தான் வெளிவிடும் ரசாயனத்தால் அக்கம்பக்கத்துச் செடிகளைப் பாதிப்பதற்கு 1937-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் வைத்த பெயர் ‘அல்லெலோபதி’. இதில் ஆய்வு செய்கிறவர்களுக்கான ‘அல்லெலோபதி ஜர்னல்’ 1994-இல் தொடங்கியது வேறெங்கும் இல்லை, நம் ஹரியானாவில்தான்.

தமிழ்நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விஞ்ஞானி ராம. கதிரேசன், குளங்களை மூடும் ஆகாயத்தாமரைக்கு எதிராகப் பல உள்ளூர்ச் செடிகளைச் சோதித்தார். கடைசியில் நின்றது எது தெரியுமா? சளி பிடித்தால் நாம் கஷாயம் போடும் கற்பூரவல்லி. அதன் காய்ந்த பொடி ஆகாயத்தாமரையை வாடச் செய்தது. அதே மாதிரி, சாலையோரமெல்லாம் வெள்ளைப்பூவாக நிற்கும் பார்த்தீனியத்தை அமுக்க, மழைக்கு முன் தகரை விதையைத் தூவிவிடச் சொல்கிறார்கள் களை விஞ்ஞானிகள். பார்த்தீனியமும் சும்மா இல்லை. அதுவும் தன் இலையில் ‘பார்த்தெனின்’ என்ற பொருளை வைத்துக்கொண்டு மற்றச் செடிகளை விரட்டுகிற ரவுடிதான். ரவுடிக்கு ரவுடி.

கரிசலில் சோளம்

புளியங்குடியிலிருந்து கிழக்கே திரும்பினால் மலை பின்னால் போகப் போக மண் நிறம் மாறுகிறது. செம்மண் முடிந்து கரிசல். ஆனி மாதத்தில் கரிசல் காடு வெறிச்சென்று வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழைக்குத்தான் அங்கே விதைப்பு. பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம். ஒரு காலத்தில் சோளமும் கம்பும்தான் ராஜா.

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் கும்பிட வருகிறவர்களுக்குப் புற்றுமண் பிரசாதம். நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள். மண்ணையே மருந்தாக மடித்துத் தரும் ஊரில் மண்ணைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் போதும். சோளத்தைப் பற்றிக் கேட்டதும் ஒரு பெரியவர் சொன்னார்: “சோளம் நெலத்தை உறிஞ்சிரும். அடுத்தாப்ல போடுதது சொணங்கும். ஆனா சோளத் தட்டைக்குள்ள களை தலைகாட்டாது.”

இரண்டு வாக்கியமும் சரி. 1986-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோள வேரின் மெல்லிய ரோமங்களிலிருந்து பொன்னிற எண்ணெய்த் துளிகள் கசிவதைப் பதிவு செய்தார்கள். அதிலிருக்கும் முக்கியப் பொருள் சோர்கோலியோன். பக்கத்தில் முளைக்கும் சின்னச் செடிகளின் ஒளிச்சேர்க்கையை அது தடுக்கிறது. கடையில் வாங்கும் அட்ரசின் களைக்கொல்லி செடிக்குள் எந்த இடத்தில் கை வைக்கிறதோ, கிட்டத்தட்ட அதே இடத்தில். அடுத்த பயிர் சுணங்குவதில் இதற்கும் பங்கு உண்டு. சோளக்கட்டை மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனைத் தங்களுக்கு இழுத்துக்கொள்வதும் சேர்ந்துகொள்கிறது.

வேரின் கசிவை எதிரியும் மோப்பம் பிடிப்பான். சோளக்காட்டில் சுடுமல்லி என்று ஒரு ஒட்டுண்ணிக் களை வரும். அதன் விதை மண்ணுக்குள் பல வருஷம் தூங்கும். சோள வேர் பக்கத்தில் வந்து கசிவை உணர்ந்தால்தான் எழுந்து வேரில் ஒட்டி உறிஞ்சும். கென்யாவில், இந்தியாவில் பிறந்த பூச்சியியல் விஞ்ஞானி ஜெயாவுர் கான் குழுவினர் இதற்கு ஒரு பதில் கண்டார்கள். மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி. அதன் வேர் விடும் ஒரு பொருள் சுடுமல்லி விதையை எழுப்பிவிடும், இன்னொரு பொருள் அது ஒட்ட முடியாமல் தடுக்கும். பசித்து எழுந்த விதை பட்டினியில் சாகும். டெஸ்மோடியம் மண்ணுக்கு நைட்ரஜனும் சேர்க்கும், மாட்டுக்குத் தீவனமும் ஆகும்.

நம் ஊரில் இதற்குப் பக்கத்தில் வருவது கொள்ளும் தட்டைப்பயறும். கோரைக்குக் கிழங்கு பூமிக்குள் இருப்பதால் மேலே எத்தனை தடவை பிடுங்கினாலும் வரும். ஆனால் அதற்கு நிழல் ஆகாது. கொள்ளை நெருக்கமாக விதைத்து மூடவிட்டு, பூக்கும்போது உழுது, மறுபடி விதைத்தால் கோரை மெல்ல மெல்ல மெலியும். ஒரே போகத்தில் ஒழிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கிருந்து கிழக்கே கோவில்பட்டி. அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில்தான் 1960-களில் நம்மாழ்வார் வேலை பார்த்தார். மானாவாரி விவசாயிக்குக் கட்டுபடியாகாத ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டு வெளியேறினார். பின்னாளில் அவர் ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியவற்றில் ஒன்று பலதானிய விதைப்பு. தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், வாசனைப்பயிர் என ஐந்து வகையில் நாலு நாலு விதை, ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல். ஐம்பது நாளுக்குள் பூக்கும் நேரத்தில் மடக்கி உழ வேண்டும். களைக்கு இடமே விடாத கூட்டம் அது. களைத்துப்போன நிலத்துக்கு இதைவிட மலிவான வைத்தியம் நான் கேள்விப்படவில்லை. விதைக்கும் ஒரு உழவுக்கும் மட்டும் செலவு. நிலத்தை ஒரு பருவம் விட்டுக்கொடுக்க முடியாத குத்தகைக்காரருக்குத்தான் அது கட்டாது.

கடையில் ஒரு மூட்டை, போனில் ஒரு வீடியோ

சங்கரன்கோவில் உரக்கடையில் வேப்பம்புண்ணாக்கு மூட்டை அடுக்கியிருந்தது. யூரியாவோடு சேர்த்து வாங்கிப் போகிறார்கள். ஏன்? யூரியாவில் இருக்கும் நைட்ரஜனை மண் பாக்டீரியா சீக்கிரமே நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் தண்ணீரோடு ஓடிவிடும். வேம்பின் கசப்புப் பொருட்கள் அந்த பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கின்றன. புங்கன் விதையிலுள்ள கரஞ்சினும் அதே வேலை செய்கிறது. ஐந்து பங்கு யூரியா, நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு நாள் வைத்திருந்து நெல்லுக்குப் போடுவது வேளாண்மைத் துறையின் பழைய பரிந்துரை. 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதுமே வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அப்பா காலத்தில் வயலில் மிதித்த வேப்பந்தழை, வெட்டியவருக்கே தெரியாமல் இந்த வேலையையும் பார்த்திருக்கும்.

அதே கடையில், மக்காச்சோளத்துக்கு என்று ஒரு களைக்கொல்லியைக் காட்டினார்கள். உள்ளே இருப்பது மீசோட்ரையோன். அதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1977-இல் கலிபோர்னியாவில் ஒரு ரசாயன நிறுவனத்து விஞ்ஞானி, தன் இடத்தில் நின்ற பாட்டில்பிரஷ் மரத்தடியில் மட்டும் களை குறைவாக இருப்பதைக் கவனித்தார். நம் பூங்காக்களில் சிவப்புத் தூரிகைபோல் பூ தொங்குமே, அந்த மரம். மண்ணை எடுத்துச் சோதித்ததில் ஒரு பொருள் கிடைத்தது. அதை மாற்றி மாற்றிச் செய்து வலுவாக்கியதுதான் 2001-இல் சந்தைக்கு வந்த மீசோட்ரையோன். புளியமரத்தடியில் நம் பாட்டி பேயைப் பார்த்தார், அவர் ஒரு கம்பெனியையே பார்த்துவிட்டார்!

செடியிலிருந்து வந்தது என்றால் எல்லாம் சாது என்றோ, வீட்டில் தயாரித்தால் ஆபத்தில்லை என்றோ நினைக்க வேண்டாம். டீக்கடையில் ஒரு இளைஞர் தன் போனில் ‘இயற்கைக் களைக்கொல்லி’ வீடியோ காட்டினார். கோமியம், சுண்ணாம்பு, எலுமிச்சை, கூடவே கிலோ கணக்கில் கல் உப்பு. தெளித்த மறுநாள் களை கருகிவிடுமாம். கருகும்தான். கருக்குவது உப்பு. அது மண்ணிலேயே தங்கும். பெய்கிற மழை குறைவான கரிசலில் நாலு தடவை அடித்தால் ஐந்தாம் தடவை அடிக்கக் களையும் இருக்காது, பயிரும் இருக்காது. இயற்கை என்ற பெயரில் வருவதிலேயே இதைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும் என்பேன்.

சாறு தெளிப்பதே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தில் முதிர்ந்த சோளத்தட்டையை நறுக்கித் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கோதுமையில் தெளித்துப் பல வருஷம் சோதித்தார்கள். களையின் எடை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது. பாதி நின்றது. அந்தப் பாதிக்குக் கைதான் வேண்டியிருந்தது.

மாடித்தோட்டம், வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இந்தப் பயணத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சில உண்டு. தொட்டி காலியாக இருக்கும் நாட்களில் வெறுமனே விடாமல் தட்டைப்பயறோ கொள்ளோ விதைத்து, பூக்கும்போது நறுக்கி மண்ணோடு கலந்துவிடுங்கள். பத்து பதினைந்து நாள் ஈரமாக வைத்த பிறகு நாற்று வையுங்கள். தக்காளி வேரில் முடிச்சு விழுந்த தொட்டியில் அடுத்த முறை கேந்திப்பூ வைத்துப் பாருங்கள். அதன் வேருக்கு நூற்புழுவை அடக்கும் குணம் உண்டு. தைல மரத்துச் சருகை மூடாக்காகப் போடும்போது விதை முளைக்கும் இடத்தில் மட்டும் போடாதீர்கள். வளர்ந்த செடியைச் சுற்றிப் போடலாம்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஆனியில் வந்தால் சணப்பு உழுவதைப் பார்க்கலாம். ஆடியில் சங்கரன்கோவிலில் தபசுத் திருவிழா, ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கும், தங்குமிடம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். திருவிழா முடித்துவிட்டுச் சுரண்டைப் பக்கம் சுந்தரபாண்டியபுரம் போனால் சூரியகாந்தி பூத்திருக்கும். கேரளத்திலிருந்தெல்லாம் படம் எடுக்க வருகிறார்கள். சூரியகாந்தியும் சோளம் மாதிரிதான். தட்டையைப் பச்சையாக மடக்கி உழுதால் அடுத்த விதை முளைக்கத் தயங்கும் என்பதால் காயவிட்டு, நாள் விட்டு உழுகிறவர்கள் உண்டு. வயலுக்குள் இறங்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பூவுக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் வரப்பில்தான் நிற்பார், கேட்டால் இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்வார்.